இடப்பக்கம் மூன்று சுற்று

விமானம் ஓட்டுகிறவனுக்கு வேலை வானத்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஜனங்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள், சித்திரை மாதத்து மத்தியானத்தில் திருச்சியில் நிற்கும் ஆவ்ரோவின் முன்மூக்கில் உட்காரவைக்க வேண்டும். கேப்டன் இன்னாசிராஜ் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதைத்தான். ஆவ்ரோ என்பது இரண்டு பக்கமும் விசிறி வைத்த, நாற்பது பேர் ஏறுகிற விமானம். பறந்தால் சத்தம், நின்றால் வேக்காடு. தரையில் நிற்கும்போது குளிர்காற்று வராது. வெயில் கண்ணாடி வழியாக நேராக மடியில் வந்து உட்காரும். தோளில் நாலு தங்கப் பட்டை மினுக்கும், உள்ளே பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் நிறையும். கம்பி வேலிக்கு அப்பால் வேடிக்கை பார்க்க வந்த குடும்பம் கையை ஆட்டும். அவரும் ஆட்டுவார். ஆட்டாவிட்டால் பைலட்டுக்குத் திமிர் என்று பேசிவிட்டுப் போவார்கள்.

அவர் குடியிருந்த மன்னார்புரத்துத் தெருவில் இதற்கும் ஒரு படி மேலே. “சார், நேத்து எங்க மொட்டை மாடிக்கு மேலயே போனீங்க. எல்லாரும் நின்னு கை காட்டினோம். நீங்க கண்டுக்கவே இல்லையே” என்று எதிர்வீட்டு ரத்தினவேல் குறைப்பட்டுக்கொள்வார். ரத்தினவேல் திருவெறும்பூரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற படித்த மனிதர். அவருக்கே இந்த லட்சணம். ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தர், மேலே போனதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தூங்கலாமாமே என்று கண்ணடித்தார். இன்னொருத்தர், மெட்ராஸில் மச்சான் வீட்டில் ஒரு கிரைண்டர் சும்மா கிடக்கிறது, வரும்போது ஏற்றிக்கொண்டு வந்துவிட முடியுமா என்று கேட்டார். கிரைண்டர். அத்தனை பெரிய கல்லு. லாரி டிரைவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவன் பைலட்டிடம் கேட்கிறான்.

அப்பா செபஸ்தியான் பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். மகன் மெட்ராஸுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும், “எஞ்சின் நின்னா எறங்கித் தள்ள முடியாததெல்லாம் ஒரு வண்டியா” என்று கேட்டார். சாகிறவரைக்கும் அந்த அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மகன் எழுபதில் ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்து, ஏழு வருஷம் வலது சீட்டில் உட்கார்ந்து, கேப்டன்மார்களின் கோபத்தையும் சுருட்டு நாற்றத்தையும் சகித்து, எழுபத்தேழில் இடது சீட்டுக்கு வந்து சேர்ந்தார். கேப்டன் உட்காருவது இடது பக்கம், துணை விமானி வலது பக்கம். உலகம் முழுக்க அப்படித்தான். இந்தச் சின்ன விஷயம் தெரியாத ஒருத்தரால் இன்னாசிராஜ் பாதி கெட்டார். தெரிந்திருந்தும் அதைத் தூக்கிப் போட்ட இன்னொருத்தரால் மீதியும் கெட்டார். அந்த இன்னொருத்தர் அவரேதான்.

வேலையைப் பற்றிச் சொல்லிவிடலாம். மெட்ராஸில்தான் டியூட்டி. பல்லாவரத்தில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், கொடியில் நாலு வெள்ளைச் சட்டை. வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால விமானத்தைத் திருச்சிக்குக் கொண்டுவந்து இரவு தங்கிக் காலையில் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கம்பெனி ஓட்டலில் அறை போட்டிருக்கும். அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த இரண்டு ராத்திரிதான் குடும்பம். மனைவி லூர்துராணி பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுடைய கணக்குப்படி, கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் புருஷன் முழுசாக வீட்டில் இருந்தது நாலு வருஷம்கூட வராது.

விடியுமுன் வேன் வந்து ஹாரன் அடிக்கும். போனதும் வானிலைக் காகிதம். அதில் எழுதியிருப்பது நேற்றைய மழை. பிறகு எடைக் கணக்கு. எத்தனை பேர், எவ்வளவு சாமான், எவ்வளவு எண்ணெய். யாராவது தூக்கலான மூட்டையை ஏற்றிவிட்டால் கூட்டிக் கழித்து மறுபடியும் போட வேண்டும். சாப்பாட்டிலும் சட்டம் உண்டு. கேப்டனும் துணை விமானியும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது. ஒன்று கெட்டுப்போயிருந்தால் ஒருத்தனாவது தெளிவாக இருக்க வேண்டுமாம். ஆகவே இவருக்குக் கோழி என்றால் அவனுக்கு உப்புமா. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மருத்துவப் பரிசோதனை. கண், காது, ரத்தக் கொதிப்பு. அந்தத் தேதி நெருங்கினால் லூர்துராணி குழம்பில் உப்பைக் குறைத்துவிடுவாள். ஆஸ்பத்திரிக் கஞ்சி தேவலை என்கிற மாதிரி இருக்கும். ஒரு டாக்டர் ஒரு நாள் கையெழுத்துப் போட மறுத்தால், அத்தனை வருஷத்துப் படிப்பும் அந்த நிமிஷமே குப்பை. தலைமை எழுத்தருக்கு அந்தப் பயம் கிடையாது. பஸ் டிரைவருக்குக்கூட அவ்வளவு கிடையாது. இதுதான் வானத்து ராஜவாழ்க்கை.

எண்பத்து நாலில் கம்பெனி ஆவ்ரோக்களை ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பித்தது. இனிமேல் எல்லாம் போயிங். ஓட்டுகிறவர்களைப் பொறுக்கி ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப ஒரு பட்டியல் தயாரானது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி பட்டியல் மூடப்படும். நாற்பத்தைந்து வயசு முடிந்தவர்களுக்கு இடமில்லை. இன்னாசிராஜுக்கு ஆகஸ்டில் நாற்பத்தைந்து முடிகிறது. ஆக, இந்தப் பட்டியல்தான் முதலும் கடைசியும். இதில் பெயர் வராவிட்டால், ஆவ்ரோ தீர்ந்த மறுநாள் ஆபீஸில் ஒரு மேஜையும் மின்விசிறியும் கொடுத்து, அடுத்தவன் ஓட்டுகிற விமானத்துக்கு எடைக் கணக்குப் போடச் சொல்வார்கள். அவர் பெயர் பட்டியலில் ஏழாவதாக இருந்தது. ஏழுக்கு இடம் உண்டு. லூர்துராணி பூண்டி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். திருச்சி நெருங்கும்போது, விமான நிலையத்துக்கு மேலே கோடை மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் வடக்கேயே நில்லுங்கள் என்று கீழேயிருந்து சொன்னார்கள். விமானம் நிற்காது. அவர்கள் பாஷையில் நிற்பது என்றால் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. வடக்கே வெளிச்சமாக இருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம், அப்போதுதான் சாரம் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த ராஜகோபுரம், எல்லாம் துடைத்துவைத்தது போல் தெரிந்தது. சுற்றுவதற்குத் தெளிவான அடையாளம் வேண்டும். இதைவிடத் தெளிவாக எது கிடைக்கும். இன்னாசிராஜ் இடது சீட்டில் இருப்பதால் இடது ஜன்னலில் கோபுரத்தை வைத்துக்கொண்டு இடது பக்கமாகவே மூன்று சுற்றுச் சுற்றினார். மழை விட்டது. இறங்கினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அதே விமானத்தில் ஏழாவது வரிசை இடது ஜன்னலோரம் ஆராவமுதன் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் குடியிருக்கிறவர். முதல் சுற்றில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாவது சுற்றில்தான் அவருக்கு உறைத்தது. கோயில் தனக்கு இடது கைப்பக்கம் இருக்கிறது. இடது கைப்பக்கம் கோயிலை வைத்துச் சுற்றினால் அது அப்பிரதட்சணம். மூன்றாவது சுற்றில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கீழே இறங்கியதும், ஓட்டியது யார் என்று விசாரித்தார். இன்னாசிராஜ் என்று சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

அதற்கு நாலாம் நாள் அவருடைய மனைவி கோமளவல்லி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். போதாதா? ஐந்து பக்கத்துக்கு டைப் அடித்துப் புகார் போனது. கிறிஸ்தவரான விமானி வேண்டுமென்றே, ஒரு தரமல்ல மூன்று தரம், நாற்பது ஆஸ்திகர்களை வைத்துக்கொண்டு பெருமாளை அப்பிரதட்சணமாகச் சுற்றினார் என்று. தணிக்கை பார்த்த கை அல்லவா, பத்திக்குப் பத்தி எண் போட்டிருந்தது. நாற்பது பேரில் எத்தனை பேர் ஆஸ்திகர் என்பதை மட்டும் அவர் தணிக்கை பார்க்கவில்லை. நகல் டெல்லிக்கு, நகல் கோயிலுக்கு, நகல் பத்திரிகைக்கு.

கம்பெனியில் இதைப் படித்த ஒருவனாவது சிரித்துக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. டெல்லிக்கு நகல் போயிருக்கிறதே. ஜூலை முதல் வாரத்தில் இன்னாசிராஜை மெட்ராஸ் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி தர்மராஜ். விமானக் கம்பெனியில் இருபது வருஷ சர்வீஸ், விமானத்துக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத்தான் சொல்வார்.

“ஏன் லெஃப்ட் சைடாவே சுத்துனீங்க?”

“நான் லெஃப்ட் சீட்ல உக்காந்திருக்கேன் சார். சுத்துற எடம் என் கண்ணுக்குத் தெரியணும்.”

“ரைட் சைடுல ஜன்னல் இல்லையா?”

“இருக்கு சார். அது கோ-பைலட் ஜன்னல்.”

தர்மராஜ் அதை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்து, “நீங்க சர்ச்சுக்கு ரெகுலரா போவீங்களா?” என்று கேட்டார்.

இன்னாசிராஜுக்குக் காது சுட்டது. பதினான்கு வருஷமாகச் சிலுவை போட்டுக்கொண்டவன், விபூதி வைத்தவன், நாமம் போட்டவன், தொப்பி வைத்தவன் எல்லாரையும் ஒரே எடைக் காகிதத்தில் கிலோவாக மட்டுமே பார்த்து ஏற்றி இறக்கியவர். “வாரத்துல ஞாயித்துக்கெழமை டியூட்டி இல்லேன்னா போவேன் சார்” என்று மட்டும் சொன்னார்.

“தப்பு ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியுது கேப்டன். ஆனா பைலை நான் எப்படி மூடுறது? விசாரணை பெண்டிங் இருக்குறவங்க பேரை டிரெய்னிங்குக்கு அனுப்ப மாட்டாங்க. அந்தப் பெரியவர் வாபஸ் வாங்கிட்டா நாளைக்கே மூடிடறேன்.”

இதுதான் தர்மராஜ் கண்டுபிடித்த நியாயம். தப்பு இல்லாதவன் போய், தப்பாகச் சொன்னவன் காலைப் பிடிக்க வேண்டும்.

லூர்துராணி இதைக் கேட்டு எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். “கோயிலுக்கு மேல பறக்குறது தப்பில்லையாம், எந்தப் பக்கமா பறக்குறதுங்குறதுதான் தப்பாமா? நல்லா இருக்கே. நீங்க எங்கயும் போவாதீங்க. நான் செஞ்சது சரிதான்னு எழுதிக் குடுத்துட்டுச் சும்மா இருங்க. அவங்களா மூடட்டும்.”

“மூடுறதுக்குள்ள முப்பத்தொண்ணு போயிரும்டி.”

“போனாப் போவுது. அதுக்காக ஒரு தப்பும் பண்ணாத ஆளு போய் நிக்கிறதா?”

அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் போயிங் ஆசை பிடித்த மனுஷனுக்குப் பெண்டாட்டி சொல்வது காதில் ஏறுமா? மறுநாள் சாயங்காலம் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார்.

ஆராவமுதன் வாசலிலேயே எழுந்து நின்றார். ஆள் யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. இருந்தாலும், “வாங்கோ, உள்ள வாங்கோ” என்றார். ஒரு நாற்காலி காட்டினார். கூடத்து ஓரத்தில் கட்டிலில் கோமளவல்லி படுத்திருந்தாள். காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டிருந்தது.

இன்னாசிராஜ் இடது சீட்டு, வலது சீட்டு எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு காகிதத்தில் படமும் போட்டுக் காட்டினார். ஆராவமுதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மனிதர் முட்டாள் இல்லை. புரிந்துவிட்டது.

“நீங்க வேணும்னு பண்ணலை. ஒத்துக்கறேன். பேரை வெச்சு நான் ஒண்ணு நெனச்சேன், அதுக்கு என்னை க்ஷமிக்கணும். ஆனா பண்ணினது பண்ணினதுதானே. அப்பிரதட்சணம் அபர காரியத்துக்கு, சாவுச் சடங்குக்குன்னா பண்றது? நான் அந்த ஜன்னல்ல உக்காந்துண்டு மூணு தடவை பண்ணிட்டு வந்திருக்கேன். நாலாம் நாள் இவ விழுந்தா.”

கட்டிலிலிருந்து கோமளவல்லி, “ஈரத்துல பாத்து நடக்கலை, விழுந்தேன். இவர்ட்ட சொன்னாக் கேக்கறாரா” என்றாள்.

“நீ சும்மா இரு” என்றார் ஆராவமுதன். நாற்பது வருஷமாகக் கூட இருந்தவள் எழுந்து நடப்பாளா என்று டாக்டர் கையை விரித்திருந்தார். பயந்துபோயிருந்தார் மனிதர். பயந்தவனிடம் நியாயம் பேசி என்ன பயன். “ஒண்ணு பண்ணுங்கோ. அதே மாதிரி, அதே ஆகாசத்துல, பெருமாளை வலப்பக்கம் வெச்சுண்டு மூணு பிரதட்சணம். நான் உங்க பிளேன்ல உக்காந்திருக்கேன். மனசு சமாதானம் ஆயிடும். மறுநாளே என் கையாலே வாபஸ் எழுதித் தரேன்.”

அப்போது இன்னாசிராஜ் எழுந்து வந்திருக்க வேண்டும். முடியாது சார், பயணிகளை வைத்துக்கொண்டு அப்படியெல்லாம் வேடிக்கை காட்டக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். துணை விமானிகளுக்கு அவரே நூறு தரம் சொன்ன பாடம் அது. காரணமில்லாமல் விமானத்தைத் திருப்பாதே. அவர் சொன்னது வேறு. “இருவத்திரெண்டாந்தேதி சாயங்காலம் எனக்கு டியூட்டி. டிக்கெட் எடுத்துக்குங்க. வலது பக்க ஜன்னல்” என்றார்.

ஜூலை இருபத்திரண்டு. ஆராவமுதன் முந்தின நாள் ரயிலில் மெட்ராஸுக்குப் போய், திரும்பி வருவதற்காக மட்டும் விமானம் ஏறினார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண். துணை விமானி பரக்கத் அலி. உறையூர்ப் பையன், கலகலப்பானவன். இன்னாசிராஜ் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடி வழியாக வானத்தை எட்டிப் பார்த்தான்.

“சார், மழை ஒண்ணும் இல்லையே. கீழே கன்ட்ரோல் டவர்ல என்ன சொல்றது?”

“ஒயரம் ஜாஸ்தியா இருக்கு, சுத்தி எறக்கணும்னு கேளு.”

“உங்க பக்கத்துலேருந்து ஒண்ணுமே தெரியாது சார்.”

“நீ பாத்துக்க.”

அப்படியாகத்தானே கிறிஸ்தவக் கேப்டன் உத்தரவு போட, முஸ்லிம் துணை விமானி ஓட்ட, ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு ஆகாய மார்க்கமாக மூன்று பிரதட்சணம் நடந்தது. இன்னாசிராஜுக்கு அந்தப் பதினோரு நிமிஷமும் கோயில் தெரியவில்லை, கோபுரம் தெரியவில்லை, ஆறு தெரியவில்லை. விமானம் வலது பக்கம் சாய்ந்திருந்ததால் அவர் ஜன்னல் முழுக்க வெறும் வானம். பக்கத்துச் சீட்டில் பரக்கத் அலியின் காதும் கழுத்தில் வழிந்த வியர்வையும் தெரிந்தன. இரண்டாவது சுற்றில் பின்னாலே யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

இறங்கியதும் ஆராவமுதன் படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்தார். கண் நிறைந்திருந்தது. எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் கூப்பி, “திவ்யமா சேவிச்சேன். நீங்க பண்ணினது பெரிய கைங்கர்யம்” என்றார். வெட்கமாக இருந்தாலும் இன்னாசிராஜுக்கு உள்ளே குளிர்ந்துபோனது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

சொன்னபடி வாபஸ் கடிதம் வந்தது. தர்மராஜ் பைலை மூடினார். ஜூலை முப்பதாம் தேதி வெளியான பட்டியலில் ஏழாவது பெயர் கேப்டன் எஸ். இன்னாசிராஜ். ரத்தினவேல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், இன்னும் பெரிய பிளேனாம், இனிமேலாவது கை காட்டினால் பார்ப்பாராம் என்று. லூர்துராணி பூண்டிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஹைதராபாத்துக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது.

ஆராவமுதனிடம் எதுவும் பாதியில் நிற்காது. புகாரை ஐந்து பக்கத்துக்கு எழுதினவர், நன்றியை இரண்டு வரியில் முடித்தால் தர்மமா? அவருக்கு மனசு கேட்கவில்லை. கோமளவல்லி வேறு அந்த வாரத்தில்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான், டைப் மெஷினை எடுத்துவிட்டார். ஆறு பக்கம். முன்பு யார் யாருக்கு நகல் போனதோ அத்தனை பேருக்கும் நகல். தேதி, விமான எண், சுற்று ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், மொத்தம் பதினோரு நிமிஷம் என்று தன் கைக்கடிகாரத்தின்படி. என் சொந்த வேண்டுகோளுக்கு இணங்கி, வழக்கமான பாதையை விட்டு, மழையோ மேகமோ இல்லாத தெளிந்த வானத்தில், கேப்டன் இன்னாசிராஜ் அவர்கள் மூன்று முறை வலமாகச் சுற்றி வந்தார். இப்படிப்பட்ட பரந்த மனசுள்ள அதிகாரிக்குத் தாங்கள் பதவி உயர்வு கொடுத்துக் கௌரவிக்க வேண்டும். எண் போட்ட பத்திகள். ஒரு தப்பு இல்லை. அவர் ஆயுசிலேயே அவ்வளவு சுத்தமான தணிக்கை அறிக்கை எழுதியிருக்க மாட்டார்.

இன்னாசிராஜை மறுபடியும் மெட்ராஸ் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை தர்மராஜ் மட்டும் இல்லை. பக்கத்தில் கேப்டன் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசைக்காரர், இன்னாசிராஜ் வலது சீட்டில் இருந்த காலத்தில் அவருக்குத் தரையிறக்கக் கற்றுக்கொடுத்தவர். கடிதத்தை மேஜைமேல் வைத்து, “இது நெசமா?” என்றார்.

“நெசம்தான் சார்.”

“டவர்ல என்ன சொன்னீங்க?”

“ஒயரம் ஜாஸ்தின்னு.”

“அது?”

“பொய் சார். நான்தான் சொல்லச் சொன்னேன். பரக்கத் அலிக்கு இதுல பொறுப்பு இல்லை.”

சவரிராயன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. “மொதல் தடவை லெஃப்ட்ல சுத்தினே, ஏன்னு கேட்டா பதில் வெச்சிருந்தே. கண்ணுக்குத் தெரியணும்னு. அது பைலட் பேச்சு. இந்தத் தடவை மூணு சுத்துல ஒனக்குக் கீழே என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணும் தெரியலை சார்.”

“சாரம் கட்டின கோபுரம், கீழே ஊரு, உள்ளே முப்பத்தெட்டுப் பேரு. ஒண்ணும் தெரியாம எதுக்குச் சுத்தினே?”

பட்டியலுக்காக என்று இன்னாசிராஜ் எப்படிச் சொல்வார். தர்மராஜ், வாபஸ் வாங்கிட்டு வரச் சொன்ன அதே தர்மராஜ், ரொம்ப அக்கறையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் கையில் அழுக்கு ஒட்டவில்லை. ஒட்டாது.

பட்டியலில் ஏழாவது பெயரை அடித்தார்கள். எட்டாவது ஆள் ஹைதராபாத்துக்குப் போனார். பரக்கத் அலியை எச்சரித்து விட்டார்கள். இன்னாசிராஜுக்கு அந்த வருஷக் கடைசியிலிருந்து ஆபீஸில் மேஜை. எண்பத்தெட்டில் அவராக ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறவரைக்கும், தன்னிடம் வேலை கற்ற பையன்கள் ஓட்டுகிற விமானங்களுக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ என்று காகிதம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

அந்த எண்பத்து நாலு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது, ஆராவமுதன் மன்னார்புரத்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு மட்டைத் தேங்காய், கதலிப்பழச் சீப்பு. மனைவி கோலைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்துவிட்டாளாம். “பெரிய பிளேன் எப்போ ஓட்டப் போறேள்? மொத நாள் நான் வந்து ஏறணும்” என்றார்.

லூர்துராணி சுவரோரம் நின்றுகொண்டு, ஒன்றும் விடாமல் சொன்னாள். எந்தக் கடிதம், எந்தப் பத்தி, எந்தத் தேதி. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கேட்கக் கேட்க ஆராவமுதனுக்கு முகம் வெளுத்தது. தேங்காயைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“நான் எழுதறேன். இப்பவே எழுதறேன். நான் கட்டாயப்படுத்தித்தான் பண்ணினார்னு...”

“வேண்டாம் சார்” என்றார் இன்னாசிராஜ்.

“நான் நல்லதுக்குன்னா எழுதினேன்.”

“மொதல் லெட்டர்ல எழுதினது தப்பு. அதனால என்னை ஒண்ணும் பண்ண முடியலை. ரெண்டாவதுல எழுதினது அத்தனையும் நெசம். அதுக்கு மேல நீங்க எதை எழுதினாலும் நெசமாத்தான் எழுதுவீங்க. மூடி வைங்க சார்.”

ஆராவமுதன் பேனாவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். மை விரலில் இறங்கியது. “அப்போ, பெருமாளுக்குப் பண்ணின கைங்கர்யத்துக்கா இப்படி ஆச்சு?” என்றார். நிஜமாகவே பதில் வேண்டிக் கேட்டார்.

“பெருமாள் உங்ககிட்டயும் கேக்கலை, எங்கிட்டயும் கேக்கலை” என்றார் இன்னாசிராஜ். “உங்களுக்குப் பயம், எனக்கு ஆசை. நாம ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிட்டோம். முப்பத்தெட்டுப் பேரை ஒரு வார்த்தை கேக்கலை.”